பழுது இறங்கும் கை

மில் லைனில் பழுது முதன்முதலாக ஆள்மேல் இறங்கியது மாசானத்துக்குத்தான். ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றால் மட்டும் ஓடுவேன் என்று அடம்பிடித்த மிக்சியின் சுவிட்சைக் கழற்றி, உள்ளே ஒடிந்து கிடந்த பித்தளைத் துண்டுக்குப் பதிலாகப் பழைய டார்ச் லைட்டிலிருந்து ஒரு தகட்டை வெட்டி வைத்து அவர் திருகி மூடினார், மிக்சி தொட்டதும் ஓடியது, சட்னி அரைபட்டது, மாசானம் மீசையைத் தடவிக்கொண்டு இட்லித் தட்டின் முன்னால் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் அப்படியே இருந்தார். அவர் மனைவி என்னமோ ஏதோ என்று பதறித் தோளைப் பிடித்ததும் கை தானாக எழுந்து வாய்க்குப் போனது. பிடியை விட்டாள், கை நின்றது; பிடித்தாள், ஓடியது. “இத்தன நாளும் மிக்சியப் பிடிச்சிக்கிட்டு நின்னேன், இனிமே மனுசனப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும்போல” என்று அவள் சொன்னது அன்று மத்தியானத்துக்குள் நாற்பது வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. மிக்சி ஓடுதா என்று மட்டும் கேட்டார்கள்.

அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டுக்கு நடுவில், மூடிக் கிடந்த ஒரு பஞ்சு மில்லின் பின்சுவரை ஒட்டி முதுகோடு முதுகாக நின்ற அந்த லைன் வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் அந்த மில்லில் ஃபிட்டராக இருந்தவர்கள், ஃபிட்டருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள், ஃபிட்டருக்குப் பிறந்தவர்கள். சக்கரம் தேய்ந்தால் கடைந்து போட்டவர்கள், பல் ஒடிந்தால் பல் வைத்தவர்கள். மில் கதவில் பூட்டு விழுந்து ஒன்பது வருஷமான பிறகும், வீட்டுச் சாமான் பழுதானால் கடைக்குப் போவது கை விளங்காதவன் செய்கிற காரியம் என்றே நினைத்தவர்கள். அங்கே ஒரு வீட்டில் புது கிரைண்டர் வந்து இறங்கினால் அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து வாசலில் உட்காருவார்கள். “எப்படி ஆச்சு? கடைசி வரைக்கும் பாத்தீங்களா? மோட்டாருக்குக் காயில் மாத்திக் கட்டியிருக்கலாமே” என்பார்கள். புதுசு வாங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு, “எல்லாம் பாத்தோம், நம்ம கையில என்ன இருக்கு” என்பார். வந்தவர்கள் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து, போய்ட்டு வாறோம் என்று சொல்லிக்கொள்ளாமலே போய்விடுவார்கள்.

அதனால் பழுது கைவழியாக ஆள்மேல் இறங்கத் தொடங்கிய பிறகும் லைன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. குழாயின் வாஷரை வெட்டிப் போட்ட பெண்ணுக்குக் கண்ணிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது, அவளைச் சாவு வீடுகளில் முன்னால் உட்கார வைத்தார்கள், அழுகை வராத சொந்தக்காரர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. டியூப் லைட் ஸ்டார்ட்டரை நோண்டியவர் காலையில் மூன்று தடவை கண்ணைத் திறந்து திறந்து மூடி நாலாவது தடவைதான் எழுந்தார். வாஷிங் மெஷின் மூடியின் கொக்கியைச் சரிசெய்தவருக்கு வாய் மூட மாட்டேன் என்று நின்றுவிட்டது, அவர் வாய்வழியாக வெளியே வந்த சங்கதிகளால் இரண்டு சம்பந்தங்கள் முறிந்தன. பெண் கொடுக்க வந்தவர்கள் மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்பதற்கு முன்னால், என்னென்ன ரிப்பேர் பார்த்திருக்கிறார் என்று கேட்டார்கள். டவுனிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்தார்கள். அவர் ஃபிரிட்ஜ் கதவின் ரப்பரை ஒட்டிக் கொடுத்துவிட்டு, வெயிலில் உடம்பெல்லாம் குளிர் வழிந்து நடுங்கிக்கொண்டே பஸ் ஏறினார், பிறகு எந்த மெக்கானிக்கும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று யோசிக்கிற வேலையை லைன் ஒரு வாரத்திலேயே விட்டுவிட்டது. யாருக்கு இறங்க வேண்டும் என்று யோசிக்கிற வேலைதான் நிலைத்தது.

யோசிக்க யோசிக்க எல்லாருக்கும் ஒரே ஆள்தான் தோன்றினார். அவர் ராமுத்தாயின் கணவர் உத்தண்டு.

உத்தண்டுவின் கை மில்லிலேயே பேர் பெற்ற கை. அவர் தொட்டால் இரும்பு சொன்னபடி கேட்கும் என்பார்கள். முடியாது என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து ராமுத்தாய் முப்பது வருஷத்தில் கேட்டதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லத் தெரியாத மனிதர்களை ஊர் எப்படித் தின்னும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்து என்ன செய்ய. முதலில் மாசானம்தான், மனைவி தோளைப் பிடித்தபடி கூட வர, டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அதற்கு ஒரு முறையே உண்டாகிவிட்டது: சாமானைக் குளிப்பாட்டியதுபோல் துடைத்து, மேலே வெற்றிலை பாக்கு வாழைப்பழம் வைத்து, உத்தண்டுவின் வாசலில் இறக்கி, “அண்ணாச்சி, நீங்க சரின்னு சொன்னா வச்சிட்டுப் போறோம்” என்பார்கள், அவர் தலையை ஆட்டுவார், அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். தோஷம் போகக் கழிப்புக் கழித்தவர்கள் அப்படித்தான் போவார்கள் என்று ராமுத்தாய் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாசானத்தின் ஃபேன் தலையைத் திருப்பாமல் ஒரே பக்கம் வீசிக்கொண்டிருந்தது. உள்ளே தேய்ந்திருந்த பல்சக்கரத்தை உத்தண்டு நைலானில் செதுக்கிப் போட்டார், ஃபேன் திரும்பியது, அவர் கழுத்து இடப்பக்கமாக நின்றுவிட்டது. அதன் பிறகு அவரைப் பார்க்க வருகிறவர்கள் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒரு மாதத்தில் லைனில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரிந்திருந்தது. இட்லி மாவு அரைத்து விற்கிற செண்பகத்தின் கிரைண்டரில் பெல்ட் நழுவிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்த நாளிலிருந்து உத்தண்டுவின் நடை நழுவ ஆரம்பித்தது. கால் எடுத்து வைப்பார், நாலு எட்டு வைப்பார், நின்ற இடத்திலேயே நிற்பார். சுவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டால்தான் ஐந்தாவது எட்டுக்கு ஆள் நகரும்.

“போதும், இனிமே யாரு கொண்டாந்தாலும் முடியாதுன்னு சொல்லுங்க” என்று ராமுத்தாய் அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள்.

“அதுக்கு என்னட்டி, நின்ன சாமான் ஓடுதுல்லா” என்பார் அவர், இடப்பக்கம் பார்த்துக்கொண்டு.

அவர்களுக்கு ஒரே மகள், மகராசி. பேர்தான் மகராசி. பத்தொன்பது வயதில் வெளியூர் மில் ஒன்றுக்கு வேலைக்குப் போய், ஆறு வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, நெஞ்சு அடைத்துப்போய்த் திரும்பி வந்தவள். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மிஷின் இருந்தது. எந்தெந்த வீட்டு நோயாளிகளுக்கோ உழைத்துத் தேய்ந்து கடைசியாக இங்கே வந்து சேர்ந்த மிஷின். அது அறையின் காற்றை இழுத்து, வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்து, வேண்டியதை மட்டும் குழாய் வழியாக மகராசியின் மூக்குக்கு அனுப்பும். குழாய் போகிற வழியில் ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கொப்பளிப்பு நின்றால் வீட்டில் எல்லாம் நின்றுவிடும் என்பது ராமுத்தாய்க்குத் தெரியும். தூக்கத்திலும் அவள் காது அதில்தான் இருந்தது.

பங்குனி மாதத்தில் இரண்டு ரிப்பேர்கள் ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று, தனியாக இருந்த தங்கபுஷ்பத்தின் டி.வி. பெட்டி. புருஷனும் போய், மகனும் கண்காணாத ஊருக்குப் போய்விட்ட அந்த அம்மாளுக்குப் பேச்சுத்துணை அந்த டி.வி. ஒன்றுதான், அதில் ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகம் விழுந்து எல்லா ஆளும் இரண்டாகத் தெரிந்தார்கள். இன்னொன்று, மகராசியின் மிஷினில் காற்றைப் பிரிக்கிற வால்வு. அந்த வால்வை இப்போது யாரும் செய்வதில்லை என்று போன் போட்ட இடத்திலெல்லாம் சொல்லிவிட்டார்கள். வேறு மிஷின் என்பது அந்த வீட்டுக்கு நடக்காத காரியம். உத்தண்டு மில்லிலிருந்து கொண்டு வந்திருந்த நூல் சுற்றுகிற பழைய நைலான் பாபின் ஒன்றை எடுத்து, ஒரு பகல் முழுக்க அரத்தால் அராவி, வால்வைச் செதுக்கிப் போட்டார். டி.வி.யும் ஓடியது, மிஷினும் ஓடியது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை காலையில் ராமுத்தாய் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது, உத்தண்டு டம்ளரை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “எந்த வீட்டம்மா நீங்க?” என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். விளையாடுகிற ஆள் அவர் இல்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நான்தாங்க ராமுத்தாய், உங்க வீட்டுக்காரி என்று அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது, கையைக் கூப்பினார், “அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, அவ ஊருக்குப் போயிருக்கா, வந்து கேட்டா தப்பா நினைப்பா” என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அவருக்கு யாரும் மறந்துபோகவில்லை. மாசானம் என்று ஒருத்தர் இருப்பது தெரியும், மகள் என்று ஒருத்தி இருப்பது தெரியும், மனைவியைப் பற்றித் தலைமுடி முதல் கால்விரல் வரை தெரியும். எதிரே நிற்கிறவர் அதில் யார் என்று பிரிக்கத்தான் தெரியவில்லை. அன்றிலிருந்து அயலாள் வீட்டுப் பெண்ணோடு ஒரே கூரைக்குள் இருப்பது முறையில்லை என்று வெளியே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். உள்ளே கட்டிலில் கிடக்கிற மகளைப் பார்த்து, பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்றார்.

லைன் இதையும் செரித்துக்கொண்டது. அவர் எந்த வாசலில் போய் நின்று இது யார் வீடு என்று கேட்டாலும், தண்ணீர் கொடுத்து, உங்க வீடு அந்தாக்கில இருக்கு அண்ணாச்சி என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டார்கள். ஆனால் சாமான் கொண்டு வருவதை நிறுத்தவில்லை. ஆளைத் தெரியாவிட்டால் என்ன, கைக்கு வேலை தெரிகிறதே.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. சாயங்காலங்களில் ராமுத்தாய் வாசற்படியில் உட்கார்ந்து அரிசி பொறுக்கும்போது அவர் கட்டிலில் இருந்தபடி, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி, தன் மனைவியைப் பற்றிச் சொல்லுவார். “அவ அறுந்த நூல முடிஞ்சா முடிச்சு இருக்கிற இடம் தெரியாதும்மா. மில்லுல அவ கைய பாத்துக்கிட்டே நிப்பேன். மேஸ்திரி ஏசுவாரு.” முப்பது வருஷத்தில் நேராக ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்தச் சொல்லை முடிந்து வைத்துக்கொண்டு ராமுத்தாய் ஏழு ஜென்மம் ஓட்டியிருப்பாள். இப்போது அரிசியில் கல் எது அரிசி எது என்று தெரியாமல் கண்ணீர் கண்ணை மறைத்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார், தன்னிடம்தான் பேசுகிறார், ஆனாலும் ஊருக்குப் போன அந்த ராமுத்தாயின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

மீள்வதற்கு வழி ஒன்று உண்டு என்று தெரிந்தது ஐப்பசியில். மாசானத்தின் டேபிள் ஃபேன் ஸ்டூலிலிருந்து விழுந்து, உத்தண்டு செதுக்கிப் போட்ட பல்சக்கரம் இரண்டாகப் பிளந்தது. அதே நேரம் வாசலில் கட்டிலில் இருந்த உத்தண்டு, இரண்டு வருஷமாக இடப்பக்கம் நின்ற கழுத்தை நிதானமாக வலப்பக்கம் திருப்பி, அங்கே இருந்த வேப்பமரத்தைப் பார்த்து, “இது எப்ப இவ்வளவு வளர்ந்துச்சு?” என்றார்.

ராமுத்தாய்க்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் வைத்த துண்டு உடைந்தாலோ கழன்றாலோ பழுது சாமானுக்கே திரும்பிப் போகும். அவ்வளவுதானே. அந்தப் பகலிலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வீட்டின் கதவைத் தட்டினாள்.

நாற்பது வீடுகளில் உத்தண்டுவின் கை பட்ட வீடுகள் பதினேழு. சிலர் முகத்தைச் சுளித்தார்கள், சிலர் எங்களுடையது சின்ன ரிப்பேர்தானே, அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்றார்கள். அவள் நகரவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒரு மிக்சியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும். ஒவ்வொரு வீடாகத் துண்டுகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், அவள் அங்கேயே அம்மிக்குழவியால் நசுக்கினாள். இஸ்திரிப் பெட்டி கெட்டது, உத்தண்டுவின் விடாத காய்ச்சல் விட்டது. ரேடியோ கரகரத்தது, அவர் குரல் தெளிந்தது. லைனில் ஒவ்வொரு வீடாக இருண்டும் ஓய்ந்தும் போக, கட்டிலில் இருந்தவர் நாளுக்கு நாள் ஆளானார். ஆனால் காப்பி கொண்டு போனால் எந்த வீட்டம்மா நீங்க என்று கேட்பது மட்டும் மாறவில்லை.

அது டி.வி.தான் என்று ராமுத்தாய் உறுதியாக இருந்தாள். முகத்தின் மேல் முகம் விழுந்த டி.வி.யைத் தவிர ஒரு மனிதனுக்கு ஆளடையாளத்தைக் குழப்பிவிட வேறு எதனால் முடியும்? அதே வாரத்தில் நடந்த இன்னொரு ரிப்பேரைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை, பெற்றவளுக்கு அந்தப் பக்கம் யோசனை போகாது. தங்கபுஷ்பம் மறுப்பே சொல்லவில்லை. “எடுத்துக்கோ தாயி. எனக்கு என்ன, இன்னும் எத்தன நாளைக்கு” என்று சொல்லி நகர்ந்து உட்கார்ந்தாள். டி.வி.யில் யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள், ராமுத்தாய் துண்டைப் பிடுங்கியதும் அந்தப் பெண் இரண்டாகி, நாலாகி, வெறும் புள்ளிகளாகிப் போனாள். தங்கபுஷ்பம் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாவத்தை ராமுத்தாய் கடைசிவரை சுமந்தாள்.

சுமந்தும் பலனில்லை. வீட்டுக்கு ஓடி வந்தாள். உத்தண்டு அத்தனை நாளும் தண்ணீரை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்தவர், அன்று சரியாக டம்ளருக்குள் ஊற்றினார். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்த பார்வை ஒன்றாகியிருந்தது. அவளை ஏறிட்டுத் தெளிவாகப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தெளிவாகவே கேட்டார்: “யாரம்மா நீங்க?”

மிச்சம் இருந்தது செண்பகத்தின் கிரைண்டர் ஒன்றுதான். செண்பகம் முதல்நாளே முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தாள். அப்படியானால் அதுதான், அந்த மாவு கிரைண்டர்தான் தன் புருஷனைத் தன்னிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறது என்று ராமுத்தாய் குழாயடியில் போய், குடம் வைத்திருந்த அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினாள்.

“ஒரு மனுசன் காலத் தின்னது பத்தாதுன்னு அவரு கண்ணுலேருந்து என்னையும் பிடுங்கிக்கிட்டியேடி! அதுல அரைச்ச மாவு ஒனக்கு எப்படிச் செமிக்கு?”

செண்பகம் குடத்தை இறக்கி வைத்தாள். அவள் கத்தவில்லை. “கால் எம்மேல உள்ள பழிதான் மதினி, அத நான் இல்லன்னு சொல்லல. எனக்கு வேற பொழப்பு இல்ல. ஆனா எல்லா வீட்டுக் கதவையும் தட்டுனியே, ஒன் வீட்டுக் கதவத் தட்டுனியா?”

ராமுத்தாய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒவ்வொரு முகமும் குனிந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பங்குனியிலிருந்தே தெரிந்திருக்கிறது. காற்றைப் பிரிக்கிற வால்வைச் செதுக்கியவருக்குத்தான் ஆளைப் பிரிக்க முடியாமல் போனது என்று சின்னப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. அவளிடம் சொல்ல நாக்கு வராமல்தான் மிக்சியையும் டி.வி.யையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவள் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்தது. மகராசி, “என்னம்மா, முகம் இப்படி இருக்கு?” என்றாள்.

நாலாவது நாள் உத்தண்டுவின் டூல்ஸ் டப்பாவிலிருந்து ஒரு நைலான் பாபினையும் அரத்தையும் எடுத்தாள்.

அவர் செதுக்கியதை எடுத்துவிட்டுத் தான் செதுக்கியதை வைத்துவிட்டால், பழுது அவரை விட்டுத் தன் மேல் இறங்கும். அவருக்கு எல்லாரையும் தெரியும், தனக்கு யாரையும் தெரியாது. அவ்வளவுதான் கணக்கு. நூலில் முடிச்சுப் போட்டுப் பழகிய கை, நைலானை அராவ இரண்டு மாதம் ஆனது. மாசானம் வந்து பார்த்தார். “அளவு சொல்லுதேன், கை வைக்க மாட்டேன் தாயி, மன்னிச்சிரு” என்றார். அவர் மனைவி தோளைப் பிடித்துக்கொள்ள, தரையில் சாக்பீஸால் வட்டம் வட்டமாக அளவு போட்டுக் காட்டினார். எட்டுத் துண்டுகள் வீணாயின. ஒன்பதாவது சரியாக வந்ததுபோல் இருந்தது.

“என்னையும் மறந்துருவியாம்மா?” என்று மகராசி கேட்டாள். மூச்சுக்கு நடுவே நடுவே நிறுத்தி நிறுத்தித்தான் அவளால் கேட்க முடியும். “பெறகு நான் யாரக் கூப்பிடுவேன்?”

“ஒங்க அப்பாவக் கூப்பிடு. அவரு வீட்டாளா உள்ள வந்துருவாரு.”

“நீ?”

“நான் எங்கடி போகப்போறேன். யாரோ ஒரு பொம்பளையா இங்கனதான் கெடப்பேன். கஞ்சி ஊத்தச் சொல்லு.”

மாசி மாதத்து மத்தியானம், வெயில் முற்றத்தில் காய்ந்தது. உத்தண்டு வெளியே கட்டிலில் யார் வீட்டு மிக்சி ஜாரையோ துடைத்துக்கொண்டிருந்தார். ராமுத்தாய் மிஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, அவர் செதுக்கிய வால்வை வெளியே இழுத்தாள். அதே நொடியில் வாசலில் ஜார் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

“ஏட்டி ராமுத்தாயி! மிஷின எதுக்குட்டி கழட்டுத?”

பதினோரு மாதமாக அந்தப் பேரை அந்தக் குரலில் அவள் கேட்டதில்லை. தன் துண்டை உள்ளே வைத்து முடுக்கினாள், சுவிட்சைப் போட்டாள், மிஷின் உறுமியது, பாட்டிலில் இரண்டு கொப்புளம் வந்தது. மூன்றாவது வரவில்லை. மிஷின் கீச்கீச்சென்று கூப்பாடு போட ஆரம்பித்தது. மகராசி குழாயைப் பிடித்து இழுத்தாள், வாயைத் திறந்தாள், அவள் உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்துக்கொண்டு வந்தது.

வாசலிலிருந்து மிஷினுக்குப் பத்தடி இருக்கும். உத்தண்டு எழுந்தார். செண்பகத்தின் கிரைண்டர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவர் கால் நாலு எட்டு வைத்து நின்ற இடத்திலேயே நழுவியது, கதவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டார், மறுபடி நாலு எட்டு, மறுபடி நழுவல், சுவரைப் பிடித்து, கட்டில் காலைப் பிடித்து, கடைசியில் தரையில் விழுந்து கையை ஊன்றித் தவழ்ந்து வந்து சேர்ந்தார். சேர்ந்தவர் அவள் வைத்த துண்டைப் பிடுங்கி ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாத்தான் அராவியிருக்க. துளைதான் ஒரு மயிரிழை தள்ளிப்போச்சு” என்றார். பிறகு அவளைப் பார்த்தார். வெளியாளைப் பார்க்கிற பார்வை இல்லை. “ஏட்டி, முடியெல்லாம் எப்ப இப்படி நரைச்சுது ஒனக்கு?”

அவர் தன் வால்வைக் கையில் எடுத்தார். ராமுத்தாய் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தேன் என்று பிற்பாடு அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை, பெற்ற மகள் எதிரே மூச்சுக்குத் தவிக்கிறாள், அப்போதும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ஒரு நிமிசம் இருங்க” என்று சொன்னாள்.

“அவளுக்கு ஒரு நிமிசம் இல்லட்டி” என்றார் உத்தண்டு. “கைய எடு. ஒன் கை இதுல படக்கூடாது.”

அவள் எடுத்தாள். அவர் வால்வை உள்ளே இறக்கினார். ஒரு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு மகளைப் பார்த்தார், மகராசி என்றார். இரண்டாவதை முடுக்கிவிட்டு மனைவியைப் பார்த்தார். மூன்றாவதை முடுக்கும்போது, “நேரத்துக்குச் சாப்பிடு, என்ன?” என்றார். நாலாவதை முடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார், நிமிரவில்லை.

மிஷினின் கூப்பாடு நின்றது. பாட்டிலில் ஒரு கொப்புளம் வந்தது, பிறகு ஒன்று, பிறகு வரிசையாக. மகராசியின் நெஞ்சு ஏறி இறங்கியது, உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்த நிறம் திரும்பியது. உத்தண்டு மூடியைப் பொருத்தி, ஸ்க்ரூ டிரைவரை வேட்டியில் துடைத்தார். துடைத்துவிட்டு நிமிர்ந்தவர், தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அழுகிற பெண்ணைப் பார்த்துச் சங்கடப்பட்டு, சுவரைப் பிடித்து எழுந்து, அயலார் வீட்டுக்குள் நிற்கிறோமே என்கிற கூச்சத்தோடு வாசல் பக்கமாக நகர்ந்து நின்றார்.

“அழாதீங்கம்மா. புள்ளைக்கு இனிமே பயமில்ல, மிஷின் நல்லா ஓடுது” என்றார். “வேற ஏதும் ரிப்பேர் இருக்கா?”

வெளியாள் நின்று பேசும்போது உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று ராமுத்தாய் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அதைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“இல்ல அண்ணாச்சி” என்றாள். “வேற ஒண்ணும் இல்ல.”